மாமாவின் 2011 சஃபாரி 2.2 டிகோர், ஒரு வருஷமாகச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நிற்கிறது, எடுக்கலாமா?

கொறங்காட்டான் (காங்கேயம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தாராபுரம் ரோட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவரிடம் 2011 செப்டம்பரில் எடுத்த டாடா சஃபாரி 2.2 டிகோர் (2.2 லிட்டர் டீசல் இன்ஜின்) ஒன்று இருக்கிறது. வெள்ளை நிறம், டூ வீல் டிரைவ், ஒரே ஓனர், மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதில்லை, அதனால் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தோட்டத்துச் சாளையில் தகரக் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "வெளி ஆளுக்குத் தாட்டி விடறதுக்கு நீயே எடுத்துக்கோ மாப்பிள்ளை, 2,60,000 கொடு போதும்" என்கிறார்.

என் தேவை இதுதான். வீட்டில் அப்பாரு, ஆத்தா, நான், வீட்டுக்காரி, இரண்டு குழந்தைகள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு முக்கால் கிலோமீட்டர் இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, மழை பெய்தால் நடுவில் மேடும் இரண்டு பக்கம் சக்கரத் தடமுமாக ஆகிவிடும். இப்போது வைத்திருக்கிற சின்னக் காரின் அடி அந்த மேட்டில் உரசாத நாளே இல்லை. வாரம் ஒரு தடவை திருப்பூர், கிருத்திகைக்குப் பழனி, நோம்பிக்குக் குலதெய்வம் கோயில், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வால்பாறை, இவ்வளவுதான் ஓட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கணக்கு சரியாக வராமல் போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். நான் கார் ஓட்டப் பழகியதே இந்த வண்டியில்தான். பின்னாடி எதிரும் புதிருமாக உட்காரும் அந்த இரண்டு சீட்டில் அத்தை பசங்களோடு முட்டி இடிக்க உட்கார்ந்து பழனிக்குப் போன பயணங்கள் இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன. அந்தப் பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டு வண்டியை வண்டியாகப் பார்க்கிற ஆட்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், அடுத்த வருஷம் 15 வருஷம் முடிகிறதே அதற்கு என்ன செய்ய வேண்டும், வருஷத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும்?

உடுமலை சஃபாரி எழுதியது:

தம்பி, என்னிடம் இருப்பதும் இதே 2.2 டிகோர்தான், 2009 மாடல். 2016-இல் 84,000 கிலோமீட்டரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன், இப்போது 2,31,000 தாண்டிவிட்டது. ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓட்டுவதற்கு இதைப் போல ஒரு நிம்மதியான வண்டி கிடையாது. 140 குதிரைத் திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் என்பதெல்லாம் பேப்பரில் இருக்கட்டும், மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் ஏழு பேரோடு மேட்டில் ஏறுகிற அந்த ஏற்றத்துக்காகவே நான் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன். குண்டு குழியில் ஸ்டியரிங்கை வெட்டவே வேண்டாம், பின்னாடி பட்டை ஸ்பிரிங் கிடையாது, சுருள் ஸ்பிரிங், அதனால் வயசானவர்களுக்கு இடுப்பு வலி வராது. உங்கள் இட்டேரி எல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வளைவில் சாயும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும். காரில் போகிற வேகத்தில் வளைவுக்குள் நுழையக் கூடாது.

மைலேஜ் எனக்கு ஏசி போட்டு ஊருக்குள் பத்து, பல்லடம் ரோட்டில் எண்பதிலேயே போனால் பன்னிரண்டு. இதற்கு மேல் தருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, வாங்கின முதல் வருஷம்தான் வலிக்கும். இன்ஜின் உள்ளே நான் இன்னும் கை வைக்கவில்லை, ஆனால் சுற்றி இருக்கிற ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினேன். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், இன்ஜின் மவுண்ட், டர்போவுக்குப் போகும் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், எல்லாம் சேர்த்துக் கூலியோடு 61,000 ஆனது. வண்டியைக் குறை சொல்லவில்லை, ரப்பர் என்றால் பத்து வருஷத்தில் வெடிக்கத்தான் செய்யும், நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். டயர் 235/70 ஆர்16, ஒன்று பத்தாயிரத்துக்குப் பக்கம் வரும், உங்கள் பக்கம் வெள்வேல முள் அதிகம் என்பதால் பக்கச் சுவர் தடிமனான டயராகப் பார்த்துப் போடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு விஷயம், தயவு செய்து கவனமாகப் படியுங்கள். 2018 மே மாதம் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன், உள்ளே ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. அவசரத்தில் மூன்றாவது கியரிலேயே விட்டு பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பதினைந்து பதினாறு வளைவு தாண்டியதும் பெடல் பஞ்சு போல ஆகிவிட்டது. மிதித்தால் அடி வரைக்கும் போகிறது, வண்டி நிற்கிற மாதிரி இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கம் இருந்த ஓடைக் கல்லில் உரசி நிறுத்தினேன். பின்சீட்டில் என் அக்கா மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவுமே தெரியாது. எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை, அதற்கு முன்னால் எப்போது மாற்றினார்கள் என்று கேட்கவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், அப்புறம் பெடலில் அழுத்தம் எங்கிருந்து வரும்? ஏறக்குறைய இரண்டு டன் வண்டி இது. ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.

சங்ககிரி பட்டறை எழுதியது:

உடுமலை அண்ணா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அவர் இன்ஜினிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நான் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் அப்பா முப்பது வருஷமாக லாரி வேலை பார்க்கிறார், நான் பன்னிரண்டு வருஷமாகக் கூட இருக்கிறேன், லாரியோடு சுமோ, சஃபாரி எல்லாம் பட்டறைக்கு வரும்.

இந்த வண்டி காராகப் பிறந்தது இல்லை. 1988-இல் வந்த டாடா மொபைல் பிக்கப், அதிலிருந்து 1991-இல் சியரா, அப்புறம் எஸ்டேட், 1994-இல் சுமோ, 1998-இல் சஃபாரி, எல்லாம் ஒரே குடும்பம். அடியில் ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டம், குறுக்கே கட்டைகள், அதுதான் சேஸ். இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. நாம் உட்காரும் பாடி அதன் மேல் ரப்பர் வைத்துப் போல்ட் போட்டு உட்கார வைத்த ஒரு கூடு. 2021-இல் வந்த புது சஃபாரியில் இந்தச் சட்டம் கிடையாது, பேர் மட்டும்தான் ஒன்று. அதனால் இன்ஜின் போனால் இன்ஜின் மாற்றலாம், கியர் பாக்ஸ் போனால் அதையும் மாற்றலாம், சேஸ் அரித்துவிட்டால் அதோடு வண்டி முடிந்தது. மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட்டு அடுத்த மாதம் ஜாக்கி வைக்கிற இடத்திலேயே சட்டம் நசுங்கி எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரு டார்ச், ஒரு பெரிய திருப்புளி, விரித்துப் படுக்க ஒரு சாக்கு. பின் சக்கரத்துக்கு உள்பக்கம், ஸ்பிரிங் உட்காருகிற கிண்ணத்துக்கு மேலே போகும் சட்டத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கிண் என்று சொல்லும். அரித்த இரும்பு டொப் என்று செத்த சத்தம் கொடுக்கும், தட்டத் தட்டச் செதில் செதிலாகக் கொட்டும். பின் பம்பருக்கு மேலே இருக்கிற கடைசிக் குறுக்குக் கட்டை, அப்புறம் பாடி மவுண்ட் போல்ட் இருக்கிற ஒவ்வொரு இடம், இவற்றை விடாமல் தட்டிப் பாருங்கள். மேலாகச் செம்மண் நிறத்தில் துரு இருப்பது பிரச்சினை இல்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். திருப்புளி முனை உள்ளே இறங்கினால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள், மாமாவாக இருந்தாலும் சரி. புதுசாகத் தார் போலக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள், உங்கள் மாமா அப்படிச் செய்திருக்க மாட்டார், பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி தம்பி. தென்னந்தோப்பு என்கிறீர்கள். உங்கள் மாமா இந்த வண்டியில் உர மூட்டை ஏற்றினாரா?

கொறங்காட்டான் எழுதியது:

அண்ணா, எப்படிக் கேட்டீர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஆமாங்க, பின்சீட்டை மடித்துவிட்டுப் பொட்டாஷும் யூரியாவும் ஏற்றுவார். இரண்டு மூன்று தடவை கோழி எரு மூட்டைகூட ஏற்றியதாக அத்தை சொன்னார்கள், அதற்காக ஒரு சண்டையும் நடந்ததாம்.

சங்ககிரி பட்டறை எழுதியது:

அதற்குத்தான் கேட்டேன். பொட்டாஷ் என்பது உப்பு. மூட்டையில் சின்ன ஓட்டை இருந்தால்கூட மணி மணியாகச் சிந்தி கார்பெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மழைக் காலத்தில் ஈரத்தை இழுக்கும், தகரத்தைத் தின்றுவிடும். கோழி எரு அதற்கு மேல். கடல் பக்கத்து வண்டிக்கு வருகிற சீக்கு நம் ஊரில் தோட்டத்து வண்டிக்கு வருவது இதனால்தான். பின்னாடிக் கார்பெட்டை முழுசாகத் தூக்கிப் பாருங்கள், ஓரத்தை மட்டும் நிமிண்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தளத் தகரம் ஓட்டையானால் வெட்டி ஒட்டலாம், டிங்கரிங்கில் முடிந்துவிடும். அதற்கு நேர் கீழே இருக்கிற சட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

திருப்பூர் பஞ்சு எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆறு வருஷம் வைத்திருந்து போன வருஷம் விற்றேன். வண்டி பிடிக்காமல் விற்கவில்லை, வீட்டில் அது ஒன்றுதான் வண்டி என்பதால் விற்றேன். சின்ன ஒரு பாகத்துக்காகப் பட்டறையில் நான்கு நாள் நிற்கும், கோவை நஞ்சப்பா ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வர வேண்டும், அந்த நான்கு நாளும் பசங்களைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டு விடுவது? தம்பி அந்தச் சின்னக் காரை விற்காமல் இதையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அதை விற்று இதை வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

பேப்பர் விஷயம். 15 வருஷம் முடிந்தால் ஆர்சி காலாவதி, அதைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்க வேண்டும், அப்புறம் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். டெல்லி பக்கம் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை போட்டார்கள், அதை வைத்துக்கொண்டு இங்கேயும் ஓட்ட முடியாது என்று பயமுறுத்துகிறார்கள், தமிழ்நாட்டில் அந்தத் தடை கிடையாது. இன்ஷூரன்ஸில் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால்கூட 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022-இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மாமாவின் இன்ஷூரன்ஸ் இந்த ஒரு வருஷத்தில் முடிந்திருக்குமே, அதைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் மெயின் ரோட்டில் பத்தடிகூட எடுக்கக் கூடாது.

நீங்கள் வாரா வாரம் திருப்பூர் வருவதாகச் சொன்னதால் இன்னொன்று. எங்கள் மில்லில் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பஞ்சு தூசி பறக்கும். ஒரு ஏப்ரல் மாதம் ஏசி குளிரவில்லை, அவிநாசி ரோட்டு நெரிசலில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறியது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் 18,000 சொன்னார்கள். எங்கள் மில் ஃபிட்டர் முன் கிரில்லைக் கழற்றிப் பார்த்தால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி விரித்த மாதிரி பஞ்சு அப்பிக் கிடக்கிறது. அதைக் கையால் உரித்து எடுத்தோம், உள்பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினோம், முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை. உங்கள் மாமா வண்டியிலும் கொட்டகைத் தூசி, தென்னை நார், குளவிக்கூடு என்று எதுவும் இருக்கலாம்.

கோபி அம்மணி எழுதியது:

எங்கள் அப்பாவின் 2008 டிகோரை அவர் காலத்துக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். எல்லாரும் இரும்பையும் இன்ஜினையும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் அப்பாரு, ஆத்தா என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இந்த வண்டியில் ஏறுவது பெரியவர்களுக்கு மலை ஏறுகிற மாதிரி. எங்கள் அம்மா சேலையோடு ஏற முடியாமல் இரண்டு தடவை முட்டியைக் கதவில் இடித்துக்கொண்டார்கள், மூன்றாவது தடவை "நான் பஸ்ஸிலேயே வர்றேன் சாமி" என்றுவிட்டார்கள். அப்புறம் லேத் பட்டறையில் சொல்லி, இருக்கிற ஃபுட்போர்டுக்கும் கீழே அரை அடி இறக்கி, மடக்குகிற மாதிரி ஒரு படி செய்து போட்டேன். கதவு ஓரத் தூணில் ஒரு கைப்பிடியும் வைத்தேன். இப்போது அவர்களே ஏறி உட்கார்ந்துவிட்டு என்னைச் சீக்கிரம் வா என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஆத்தாவை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

பின் கதவையும் பாருங்கள். ஸ்டெப்னி அதன் மேல்தான் தொங்குகிறது, அத்தனை கனத்தையும் இத்தனை வருஷமாகக் கீல் தாங்குகிறது. பாதி திறந்து கையால் மேலே தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். எனக்குக் கீல் பின்னையும் புஷ்ஷையும் மாற்றியதில் சரியாகிவிட்டது. ஏர்பேக் எங்கள் வண்டியில் இல்லை, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகளைப் பின்னாடி அந்தப் பக்கவாட்டு சீட்டில் உட்கார வைக்காமல் நடு சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். நாம் சின்ன வயசில் அப்படித்தான் போனோம் என்பதற்காக அவர்களையும் அப்படிக் கூட்டிப் போக வேண்டியதில்லை.

கொறங்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சாக்கு விரித்து ஒன்றரை மணி நேரம் அடியிலேயே கிடந்தேன். கார்பெட்டைத் தூக்கினால் வலது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே தளத் தகரத்தில் என் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகத் தரையில் கிடந்த தேங்காய் மட்டை தெரிகிறது. மூலையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டாஷ் மணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமா குனிந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. ஆனால் அதற்குக் கீழே சட்டத்தை இருபது இடத்தில் தட்டியிருப்பேன், எல்லா இடத்திலும் கிண் என்றுதான் சத்தம் வந்தது, கடைசிக் குறுக்குக் கட்டையில் மேல்துரு மட்டும். வலது பின் பாடி மவுண்ட் ரப்பர் நசுங்கியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆத்தாவையும் கூட்டிப் போயிருந்தேன், என் தோளைப் பிடித்து ஏறினார்கள், படி செய்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

மாமா அவராகவே 2,10,000 போதும் என்றார். சின்னக் காரை விற்கவில்லை, அது இருக்கட்டும். செலவுக்கு என்று ஒரு லட்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புது பேட்டரியோடு போய் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சங்ககிரி பட்டறை எழுதியது:

சேஸ் நன்றாக இருந்தால் அந்த விலைக்குத் தாராளமாக எடுங்கள். ஆனால் தம்பி, ஞாயிற்றுக்கிழமை போனதும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். ஒரு வருஷம் நின்ற டேங்கில் டீசலுக்கு அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும். இது காமன் ரெயில், ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் போகிற சிஸ்டம், அந்தத் தண்ணீர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போனால் உங்கள் ஒரு லட்சத்தில் பாதி அங்கேயே போய்விடும். முதலில் டேங்கை ஒட்டுக்கா வடித்துவிடுங்கள், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். டீசல் ஃபில்டரைப் புதுசு போடுங்கள், இருபது லிட்டர் புது டீசல் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றிவிட்டுத்தான் சாவி. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், தேங்காய் குவித்த கொட்டகை என்றால் எலி இல்லாமல் இருக்காது, வயரைக் கடித்திருக்கிறதா என்று இன்ஜின் மேலே வரும் கட்டு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காமல் ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடுங்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும்.

பிரேக்கும் ஒரு வருஷத்தில் பிடித்துக்கொண்டிருக்கலாம், ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். இன்ஷூரன்ஸ் வேறு இல்லை. அங்கேயே ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பாடி மவுண்ட் ரப்பரை ஒன்று மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள்.